படலையில் நிற்கும் படம்

1

போன கிழமை நான் ஒரு முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றேன். இணையத்தில் காணொளி ஓட்டுவதற்கான ஒரு மென்பொருளைப் பற்றிய முறைப்பாடு அது. சில மாதங்களாகத் திறந்து வைத்திருந்தேன். "பிழை உங்கள் மென்பொருளில் இல்லை, மன்னிக்கவும், மூடிவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

அந்த மென்பொருளைச் சம்பளமில்லாமல் பராமரிக்கிறவர்களில் ஒருவர், இவ்வளவு காலமும் என்னோடு மல்லுக்கட்டியவர், உடனே பதில் போட்டார். அப்படியென்றால் பிழை எங்கே இருந்தது, அறிய ஆசை என்றார். நியாயமான கேள்விதான். பதில் எழுதத் தொடங்கினேன். செத்தவீடு, படலை, முழுகுதல் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பந்தி விளக்கம் தேவைப்பட்டது. விளக்கம் நீள நீள விஷயம் காணாமற்போனது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு "தனிப்பட்ட காரணம்" என்று போட்டேன். அந்த மனிதருக்கு அது பதிலாக இருந்திராது.

உங்களுக்கென்றால் முற்றத்து வேலியில் இருக்கும் படலை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் சரவணை என்ற தீவுக் கிராமத்தில் பிறந்தவள். சுவிஸுக்கு வந்து என் மகளின் வயதைவிடக் கூடிய காலமாகிறது. கடைகளுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கும் சின்னக் கம்பனி ஒன்றில் அரைநாள் வேலை. சப்பாத்துக் கடைக்கும் பேக்கரிக்கும் படமும் விலையும் ஏற்றுகிற வேலை. ஊரில் இதைச் சொன்னால் நான் ஏதோ பெரிய கணினி விஞ்ஞானி என்று நினைக்கிறார்கள். எல்லாக் கரைச்சலும் அங்கேதான் தொடங்கியது.

2

இங்கே இருக்கும் எங்கள் ஊர் ஒன்றியம், ஊரில் நடக்கும் அம்மன் கோயில் திருவிழாவை வருடா வருடம் நேரலையாகக் காட்டும். முன்பெல்லாம் ஊருலகம் பாவிக்கிற இலவசத் தளம் ஒன்றில்தான் காட்டினார்கள். ஒரு வருடம் தேரன்று நாதஸ்வரக்காரர் உற்சாகத்தில் ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்து வாசித்துவிட்டார். அந்தப் பாட்டு யாருக்கோ சொந்தம் என்று தளத்தின் இயந்திரம் கண்டுபிடித்து ஒலியை வெட்டிவிட்டது. அம்மன் ஊமையாகத் தேரில் வந்தார். பரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தலைவருக்குத் தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர் கணேசண்ணை எழும்பி, "எங்கடை சாமியை இனி எங்கடை இடத்திலைதான் காட்டுறது" என்று சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

காணொளி ஓட்டி ஒன்றை அடியிலிருந்து எழுதுவது எனக்கு ஆகாத காரியம். அதற்குத்தான் திறந்த மூலச் சட்டகங்கள் இருக்கின்றன. வீடு கட்டுகிறவனுக்கு நிலையும் கதவும் யன்னலும் யாரோ செய்து இலவசமாகக் கொடுத்த மாதிரி. ஓட்டவும் நிறுத்தவும் பொத்தான், காலம் காட்டும் கோடு, ஒலி, முழுத்திரை எல்லாம் அதிலே உண்டு. விரும்பியதை வைத்துக்கொள்ளலாம், விரும்பாததைக் கழற்றலாம், நிறம் மாற்றலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் எவரும் திறந்து பார்க்கலாம். பழுதென்றால் பொதுவிடத்தில் முறைப்பாடு எழுதலாம். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து பதில் சொல்வார். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. ஒரு மாதம் இரயிலில் போகும்போதும் வரும்போதும் இருந்து கட்டினேன். நன்றாகவே ஓடியது.

பிறகு ஒன்றியத்தின் நிர்வாகக் குழு அதைப் பார்த்தது.

"தங்கச்சி, அம்மன்ரை முகத்திலை ஒரு முக்கோணம் நிக்குது. என்னெண்டு கும்பிடுறது?" என்றார் கணேசண்ணை.

"அண்ணை, படம் நிண்டிருக்கெண்டு காட்டத்தான் அது. அதை அமத்தினால்தான் ஓடும்."

"ஓடுறது பேந்து. நீர் முதல்லை அதை எடும்."

எடுத்தேன். சட்டகத்தில் அதற்கு ஒரேயொரு வரி. அடுத்த கிழமை, இணைப்பு மெதுவாகும்போது திரையின் நடுவில் சுற்றும் சக்கரம் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. "பின்னாலை சுத்தினால் திருவாசி எண்டு விடலாம். இது மூக்கிலை சுத்துது தங்கச்சி." அதையும் எடுத்தேன். அப்படியென்றால் படம் ஏன் நிற்கிறது என்று பயனாளருக்குத் தெரியாமற் போகும் அண்ணை என்று சொல்லிப் பார்த்தேன். "பயனாளர் ஆர்? நாங்கள்தானே?" என்றார். இனி அவரோடு கதைத்துப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். முக்கோணமும் போய்ச் சக்கரமும் போய்த் திரையில் அம்மன் மட்டும் மிஞ்சினார். படம் சிக்கி நின்றாலும் சரி, யாராவது நிறுத்தி வைத்தாலும் சரி, பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதற்கெல்லாம் நன்றி சொன்ன ஒரே ஆள் அம்மா. அவருக்கென்று என் பழைய மடிக்கணினியைக் கொடுத்து, அதை ரீவியோடு கம்பியால் பொருத்திவிட்டேன். விசைப்பலகையில் கீழே உள்ள நீட்டுக் கட்டையைத் தட்டினால் நிற்கும், திரும்பத் தட்டினால் ஓடும் என்று ஒருமுறைதான் காட்டினேன். அடையாளத்துக்கு அம்மா தன் ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து அந்தக் கட்டையில் ஒட்டினார். திருவிழா முடிந்த பிறகும் அவர் அந்தப் பதிவுகளையே போட்டுப் போட்டுப் பார்ப்பார். தேவாரம் வரும் இடத்தில் தட்டி நிறுத்துவார். எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி தட்டுவார்.

3

அம்மா இருதய வைத்தியத்துக்காக இங்கே வந்து அப்படியே தங்கியவர். அப்பா ஒரு மாரிகாலம் மட்டும் வந்து இருந்து பார்த்தார். "உந்த யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டிருக்க நான் என்ன கிளியே?" என்று கேட்டுவிட்டுத் தன் ஆடுகளிடமும் வெங்காயத் தோட்டத்திடமும் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தொலைபேசியில்தான் குடும்பம் நடத்தினார்கள். பெரும்பாலும் சண்டை. ஆடு குட்டி போட்டதை முதலில் தனக்குச் சொல்லாமல் என் அண்ணைக்குச் சொன்னதற்காக அம்மா இரண்டு நாள் கதைக்காமல் இருந்திருக்கிறார்.

போன வருடம் அப்பா திடீரென்று மோசம்போனார். தோட்டத்தால் வந்து கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் வதிவிட அனுமதி அட்டை புதுப்பிக்கக் கொடுத்து அலுவலகத்தில் கிடந்தது. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வரலாமா என்று கேட்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள். அதற்குத் தனி விண்ணப்பம் என்றாள். இறப்புச் சான்றிதழ் வேண்டும், அதை ஜேர்மன் மொழிக்கு மாற்றி உறுதிப்படுத்தி இணைக்க வேண்டும் என்றாள். இறந்து ஒரு நாள் ஆகாத மனிதருக்கு இதெல்லாம் எங்கே எடுப்பது? "இறுதிச்சடங்கை மூன்று நான்கு கிழமைக்குத் தள்ளிவைக்க முடியாதா? இங்கே அப்படித்தானே செய்வார்கள்" என்று உதவி செய்கிற முகத்தோடு கேட்டாள். சரவணை வெயிலை அவளுக்கு நான் எந்த மொழியில் விளக்குவது? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைய ஆத்திரம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அண்ணை வவுனியாவில் படிப்பிக்கிறார். அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நீ வராதை. அம்மாவைத் தனிய விட்டிட்டு வந்து என்ன செய்யப்போறாய்? இஞ்சை எல்லாம் நான் பாக்கிறன். வேலணை நிரூபனை வரச் சொல்லியிருக்கிறன். உன்ரை அந்தத் தளத்திலை காட்டட்டும், அம்மா பாக்கட்டும்."

நிரூபன் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிற ஸ்ரூடியோக்காரர். திருவிழாவை எனக்கு அனுப்புகிறவரும் அவர்தான். அதனால் எனக்குப் பயமிருக்கவில்லை. அம்மனைக் காட்டிய ஓட்டி அப்பாவையும் காட்டும் என்று நினைத்தேன்.

இங்கே காலைச் சாப்பாட்டு நேரம் அங்கே கிரியை தொடங்கியது. அம்மா சோபாவில் இருக்கவில்லை. குசினியிலிருந்து கதிரையை இழுத்துவந்து ரீவிக்கு முன்னால் போட்டு நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் முக்காலியில் மடிக்கணினி. பந்தலுக்குள் சனம். சுண்ணம் இடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். அம்மா அழவில்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அப்போது கணேசண்ணை தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, எனக்கு நிண்டு நிண்டு வருது. கனடாவிலையும் அப்பிடியாம். எல்லாரும் எனக்குப் போன் அடிக்கினம். என்னெண்டு பாரும்."

என் அப்பாவின் செத்தவீட்டில் என்னைப் பழுது பார்க்கச் சொல்கிறார். நானும் பார்க்கத்தான் போனேன். அதை நினைத்தால் யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிரூபனுக்கு எடுத்தேன்.

"அக்கா, இப்ப வீட்டு இணைப்பிலை போகுது. படலை தாண்டினால் அது கிடையாது, போனுக்கு மாத்துவன். அந்த இடத்திலை கொஞ்சம் இழுக்கும். பயப்பிடாதேங்கோ."

அவருக்குப் பின்னால் பறை கேட்டது. பெண்களின் குரல் ஓங்கியது. கதவுக்கு இந்தப் பக்கம் ரீவியிலும் அதே ஓலம் சற்றுப் பிந்திக் கேட்டது. பிறகு ரீவி மட்டும் சட்டென்று அடங்கிவிட்டது. நிரூபனோடு கதைத்து முடித்து ஓடிவந்து பார்த்தேன். படம் நின்றிருந்தது. படலைக்குள் பாதியும் ஒழுங்கையில் பாதியுமாகப் பெட்டி. முன்னால் கொள்ளிச்சட்டியோடு அண்ணை, பாதி திரும்பிய முகம். எதுவும் அசையவில்லை. முக்கோணமும் இல்லை, சக்கரமும் இல்லை.

கதிரையில் அம்மாவைக் காணவில்லை.

தேடிப்போனால் பல்கனியில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். விறாந்தையிலும் தண்ணீர். "அம்மா, என்ன செய்யிறியள்?" என்றேன். கழுவி முடித்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். உள்ளேயிருந்து சொன்னார்: "போயிட்டார் பிள்ளை. நீயும் முழுகு."

படம் நின்றதில் மனம் உடைந்து ஏதோ தெரியாமல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். முழுகப் போகவில்லை. கணினியிடம் ஓடினேன். பக்கத்தை மறுபடி ஏற்றியதும் நேரலை ஒழுங்காக ஓடத் தொடங்கியது. ஆனால் பெட்டி ஒழுங்கையின் முடக்கைத் தாண்டிவிட்டது. என் அம்மாவுக்குத் தன் புருசனைக் கடைசியாக அனுப்பிவைக்கக் கிடைத்தது நான் கட்டிய ஓட்டி ஒன்றுதான். அது அந்த ஒரு இடத்தில் போய்ச் சிக்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கதவு மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெண். தன் பல்கனி மெத்தைகள் நனைந்துவிட்டதாகச் சொன்னார். துக்கவீடு என்று சொல்ல நினைத்தேன். ஜேர்மனில் துக்கத்துக்கு 'ட்ரௌவர்', கலியாணச் சடங்குக்கு 'ட்ரௌவுங்'. எத்தனை வருடம் கதைத்தாலும் பதறும்போது நாக்குத் தன் பாட்டில் போகிறது. கலியாணம் என்று சொல்லிவிட்டேன். அவர் என் வீங்கிய கண்களைப் பார்த்தார், விறாந்தைத் தண்ணீரைப் பார்த்தார், வாழ்த்துச் சொன்னார். பிறகு கட்டட நிர்வாகத்துக்கு முறைப்பாடும் செய்தார். கொண்டாட்டங்களின்போது பல்கனியில் நீர் ஊற்றக் கூடாது என்று நிர்வாகம் எனக்குத் தொலைபேசியில் விதி வாசித்தது. திருத்திச் சொல்லவும் எனக்குச் சீவன் இருக்கவில்லை.

4

அதற்குப் பிறகு அந்தப் பழுது என்னைப் பிடித்துக்கொண்டது.

இணையக் காணொளி முழுசாக வருவதில்லை. அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவார்கள். ஓட்டியின் வேலை அந்தத் துண்டுகளைப் பொருத்துத் தெரியாமல் ஒட்டிக் காட்டுவது. நிரூபன் வீட்டு இணைப்பிலிருந்து போனுக்கு மாறிய இடம் சரியாகப் படலை. அந்த இடத்துத் துண்டு சிதைந்திருக்க வேண்டும், சட்டகம் அதைத் தாண்டத் தெரியாமல் நிற்கிறது என்று முடிவு கட்டினேன். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள்.

பதிவை என் கணினியில் போட்டுப் பார்த்தேன். எங்கும் நிற்காமல் சுடலைவரை ஓடியது. வேலைத்தலத்துக் கணினியில், போனில், மகளின் பலகைக் கணினியில் எல்லாம் ஓடியது. ஆனால் மாதாமாதம் அப்பாவின் திதிக்கு வரும் ஒவ்வொரு மாசியத்தன்றும் நான் வேலையால் வரும்போது அம்மாவின் கணினியில் படம் அதே படலையில் நிற்கும். அண்ணையின் அதே பாதி முகம். அம்மா குளித்து, தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு குசினியில் நிற்பார்.

"திரும்பவும் உதிலை நிண்டிட்டுது என்னம்மா? நான் கெதியிலை சரிக்கட்டித் தாறன்."

"உதுக்குப் போய் மினக்கெடாதை பிள்ளை" என்பார்.

என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்று சொல்கிறார் என்று எனக்கு இன்னும் நோகும். அடுத்த நாளே சட்டகத்தின் புதுப் பதிப்பை ஏற்றுவேன். புதுப் பதிப்புக்கு நான் சேர்த்திருந்த துணைச்செருகல் ஒத்துவராது. அதைத் திருத்தினால் முழுத்திரை வேலை செய்யாது. முழுத்திரையைத் திருத்தினால் ஒன்றியத்தின் இலச்சினை தலைகீழாக நிற்கும், கணேசண்ணை எடுப்பார். இப்படியே மாதங்கள் போயின.

கடைசியில்தான் முறைப்பாடு எழுதினேன். பராமரிக்கிறவர் வந்தார். எந்த உலாவி, எந்தப் பதிப்பு, வேறு கணினியில் நடக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தன்னால் அந்தப் பிழையை வரவழைக்க முடியவில்லை என்றார். இன்னொருமுறை அதையே சொன்னார். மூன்றாம் முறை, அந்தக் காணொளியைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அதை வாசித்துவிட்டு ஒரு கிழமை பதில் போடாமல் இருந்தேன். முகம் தெரியாத ஒரு மனிதருக்கு என் அப்பாவின் பிரேதத்தை மாதிரிக் கோப்பாக அனுப்புவதா? அனுப்பினேன். வேறு வழி தெரியவில்லை. அவர் ஒரு பகல் முழுக்க எடுத்துப் பார்த்திருக்கிறார். "என்னிடம் இறுதிவரை தடையில்லாமல் ஓடுகிறது. உங்கள் தந்தைக்காக வருந்துகிறேன். தயவுசெய்து, அது நிற்கிற அந்தக் கணத்தில் பக்கத்தில் இருந்து பாருங்கள்" என்று எழுதினார். இதைக்கூடவா நான் செய்திருக்க மாட்டேன் என்று எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் நான் செய்திருக்கவில்லை. அம்மா அதைப் பார்ப்பதெல்லாம் நான் வேலைக்குப் போன பிறகு.

இந்த நேரத்தில் மகள் ஆரணி வேறு. செத்தவீட்டன்று அவளுக்குப் பள்ளியில் சோதனை. பதிவைப் பிறகு பார்க்கிறேன் என்றவள், தன் அறையில் இருந்து இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள். தேவாரம் கீச்சுக் குரலில் கேட்க, அறைக்குள் போய்க் கத்தினேன். எனக்குப் பதில் சொல்லவே தமிழைக் கஷ்டப்பட்டுத் தேடினாள்.

"நான் முழுக்கப் பாத்தனான்தானே அம்மா. ஒண்டும் விடேல்லை."

"அது படமாடி? உன்ரை தாத்தா!"

"தெரியும்" என்றாள். பிறகு ஜேர்மனில், "நீங்கள் அதைப் பார்க்கும்போது மூலையில் ஓடுகிற எண்களைத்தானே பார்க்கிறீர்கள்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஆத்திரத்தில் வேகப் பொத்தானையே தளத்திலிருந்து கழற்றி எறிந்தேன். மூன்றாம் நாள் கணேசண்ணை எடுத்தார். ஆண்டுவிழாப் பேச்சுகளைச் சனம் அந்தப் பொத்தானால்தான் சகித்துக்கொண்டிருந்ததாம். திரும்பப் பூட்டினேன்.

5

ஒரு வருடம் முடிந்து ஆட்டைத்திவசம் வந்தது. ஊரில் அண்ணை செய்தார். இங்கே நாங்கள் படத்துக்கு முன்னால் படைத்தோம். நான் லீவு எடுத்திருந்தேன். திருவிழாவுக்கு முன்னம் உந்தப் பழுதைச் சரிக்கட்டும் என்று கணேசண்ணை முதல் நாள்தான் சொல்லியிருந்தார். திருவிழாவோடு இந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

படையல் முடிந்ததும் அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் வந்தார். "நானும் இருக்கிறன்" என்றேன். கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். நான் தரையில், அவருடைய காலடியில் இருந்துகொண்டு என் போனைத் திறந்து வைத்தேன். படம் நிற்கும் நொடியைக் குறிக்க வேண்டும். பராமரிக்கிறவருக்கு அனுப்ப வேண்டும்.

பந்தல் வந்தது. சுண்ணம் இடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். அம்மா போன வருடம் போலவே பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் முற்றத்தில் அழுதுகொண்டு படலைவரை வந்தார்கள். பறை ஓங்கியது. என் கண் போனில் நொடியில் இருந்தது. பெட்டி படலைக்குள்ளால் வெளியே நீண்டது.

அம்மா குனிந்து அந்தப் பொட்டு ஒட்டிய கட்டையைத் தட்டினார். படம் நின்றது.

"அம்மா! ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"இவ்வளவும்தானே."

"இல்லையம்மா, இன்னும் கிடக்கு. ஒழுங்கை, சுடலை எல்லாம் இருக்கு."

"இருக்கட்டும். அங்காலை ஆம்பிளையள் போறது. பொம்பிளையள் படலையோடை நிக்கிறது. நான் அங்கை இருந்திருந்தாலும் இதிலைதானே நிண்டிருப்பன்? கமரா போகுதெண்டு நானும் பின்னாலை போறதே?"

"அப்ப அண்டைக்கும்..."

"அண்டைக்கும் நான்தான் நிப்பாட்டினனான். வேறை ஆர்?"

பல்கனித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. பிரேதம் படலையைத் தாண்டியதும் பெண்கள் வீடு கழுவுவார்கள், பிறகு முழுகுவார்கள். எத்தனை செத்தவீட்டில் நானே வாளி தூக்கியிருக்கிறேன். அம்மா புத்தி தடுமாறிச் செய்யவில்லை. தன் வீட்டில் செய்ய வேண்டியதை, தனக்குக் கிடைத்த வீட்டில் ஒன்றும் விடாமல் செய்து முடித்திருக்கிறார். நான் அதற்குக் கலியாணம் என்று பெயர் வைத்து, நிர்வாகத்தின் விதியைக் கேட்டு, உலகத்தின் மறுமூலையில் ஒரு மனிதரை ஒரு பகல் முழுக்க வேலை வாங்கியிருக்கிறேன். பெண்சாதி பாராத சுடலையை அந்த மனிதர் கடைசிவரை பார்த்துவிட்டார்.

"நான் ஒரு வருசமா உதைப் பழுதெண்டு திருத்திக்கொண்டு திரியிறன் அம்மா. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மினக்கெடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? நீ கேட்டாத்தானே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் ஒரு வருடப் பாரம் இறங்கியது. அம்மாவுக்கு ஒன்றும் தவறவில்லை. அவர் ஒழுங்காகத்தான் அனுப்பி வைத்திருக்கிறார். "அப்ப நீங்கள் முழுக்கப் பாத்தனீங்கள்" என்றேன், சின்னப்பிள்ளை மாதிரி.

"நான் பாத்தனான்" என்றார் அம்மா. "நீதான் பாக்கேல்லை. தகப்பன் வெளிக்கிடேக்கை நீ குசினிக்குள்ளை போனோடை நிண்டனி."

ஒரு குற்றமும் அந்தக் குரலில் இல்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார். நான் அந்தப் பதிவை எத்தனை தரம் ஓட்டியிருப்பேன், எனக்கே தெரியாது. நொடிகளைப் பார்த்திருக்கிறேன், துண்டுகளை எண்ணியிருக்கிறேன். ஆரணி சொன்னது சரி. அப்பாவை நான் ஒருதரமும் பார்க்கவில்லை.

"உந்தப் போனை அங்காலை வை" என்றார் அம்மா. "முதல்லையிருந்து விடு. படலை மட்டும் என்னோடை வா."

காலக் கோட்டைப் பிடித்துத் தொடக்கத்துக்கு இழுத்தேன். ஆரணி தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது வந்தாளென்று தெரியாது. கூப்பிடாமலே வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். இந்த முறை பெயர்களை அம்மா அவளுக்குச் சொன்னார். இது பெரியம்மா, இது ஆட்டுக்குக் குழை கொண்டுவாற பெடியன்ரை தாய், உதிலை தலையிலை கைவைச்சுக்கொண்டு நிக்கிறது உங்கடை தாத்தாவோடை கோபமெண்டு பத்து வருசம் கதையாத மனுசன். சாமி மூக்கைக் காக்க நான் கழற்றிய சக்கரம் ஒருமுறை சுற்ற வேண்டிய இடத்தில் படம் கொஞ்சம் தயங்கியது. கணேசண்ணையை மனதுக்குள் திட்டினேன். பிறகு மறந்துபோனேன். அப்பாவின் நெற்றியில் திருநீறு ஒரு பக்கம் கூடப் பூசியிருந்தது. உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான் பூசுவார். இவ்வளவு காலமும் என் கண்ணில் படவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன், கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். முற்றத்துப் பெண்களோடு படலைவரை போனேன். அண்ணை பாதி திரும்பினார். அம்மா தட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கையை நீட்டிப் பொட்டில் விரலை வைத்து அமத்தினேன்.

"போயிட்டார்" என்றேன்.

"ஓம்" என்றார் அம்மா. "போ பிள்ளை, இப்ப முழுகு."

எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தலையில் தண்ணீரை ஊற்றினேன்.